சாட்ஸ்வொர்த் மூட்லி அங்கிள்: கற்பனைப் பழமைவாதிக்கு ஒரு நிஜ வாழ்க்கை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதும் நாவலில் மூட்லி என்று ஒருவர் வருகிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர், 1941-ல் பிறந்தவர், பழமைவாதி, மாகாண சட்டமன்ற உறுப்பினர். இளம் வயதிலேயே தேசியக் கட்சியில் சேர்கிறார், 1975-ல் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தின் சபைக்குத் தேர்வாகிறார், மேடைகளில் தமிழில் முழங்குகிறார். இப்படி ஒருவர் இருந்திருக்க முடியுமா? வெள்ளை அரசோடு ஒத்துப்போன ஆளை வாசகர் முதல் அத்தியாயத்திலேயே துரோகி என்று ஒதுக்கிவிடாமல் எப்படி எழுதுவது? இவைதான் நீங்கள் கேட்டவை.

ஆள் இருந்திருக்க முடியும். நான் டர்பனுக்கு வாக்கப்பட்டவன் மாதிரி வந்து சேர்ந்தவன். மனைவி வீட்டார்தான் தலைமுறை தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். மாமனார் வீட்டில் சாவு, கல்யாணம் எது நடந்தாலும் கொல்லைப்புறத்தில் மேசை போட்டு துனி ஆடுவார்கள். ராஜாவையும் ராணியையும் ஜாக் அடிக்கும் சீட்டாட்டம் அது. அந்த மேசையில் உங்கள் மூட்லி மாதிரி இரண்டு மூன்று பேரையாவது பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் தேதிகள் எதுவும் நிற்காது. அவற்றைச் சரிசெய்தாலே பாதி நாவல் தானாக எழுந்து வரும் என்பது என் எண்ணம்.

முதலில் தேசியக் கட்சி, நிறவெறி ஆட்சியை நடத்திய கட்சி. 1990 வரை அதில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராக முடியும். 1948-ல் அது ஆட்சிக்கு வந்தபோது இந்தியர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவதே அதன் கொள்கை. இந்த நாட்டின் நிரந்தரக் குடிகள் என்று இந்தியர்களை அரசு ஒப்புக்கொண்டதே 1961-ல்தான். முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16. அப்படியானால் ஒப்புக்கொள்ள நூறு வருடம் பிடித்திருக்கிறது. அப்புறம் மாகாண சபை. அதுவும் வெள்ளையர் சபைதான். நேட்டால் இந்தியர்களின் நாடாளுமன்ற ஓட்டு 1896-ல் போயிற்று, நகராட்சி ஓட்டு 1924-ல் போயிற்று. அந்த மாகாண சபை 1986-ல் கலைக்கப்பட்டது. ஆக, 1975-ல் உங்கள் மூட்லி அந்தக் கட்டடத்துக்குள் போயிருந்தால் தேநீர் தட்டோடுதான் போயிருப்பார். தேர்தலில் ஜெயித்து மாகாண சட்டமன்றத்தில் அவர் உட்கார முடிவது 1994-ல், 53 வயதில்.

சரி, அதற்கு முந்தைய ஐம்பது வருடத்தில்தான் கதையே இருக்கிறது.

அவரைக் கேட்டோ மேனரில் பிறக்க வையுங்கள். டர்பனை ஒட்டிய மேட்டுப் பகுதி. கூலி ஒப்பந்தம் முடிந்த தமிழ், தெலுங்கு, இந்திக் குடும்பங்கள் துண்டு நிலம் வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் காய்கறி போட்டார்கள். தகரக் கூரை, மரப்பலகை வீடு, பின்னால் மாமரம், வாழை, முருங்கை. அப்பா விடியுமுன் கீரைக்கட்டோடு வார்விக் அவென்யூ அதிகாலைச் சந்தைக்குப் போவார். அந்தச் சந்தை 1930களில் வந்தது, இன்னும் இருக்கிறது. அப்பா பிறந்தது கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான பேரக்ஸில். சொந்த நிலம் என்பது அந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு தலைமுறை வயதான சொத்து. இதை வாசகர் மனதில் நன்றாகப் பதித்துவிடுங்கள், பின்னால் எல்லாவற்றுக்கும் உதவும்.

1949 ஜனவரி 13 மாலை. நகர மையத்தில், விக்டோரியா தெருப் பக்கம், ஒரு இந்தியக் கடைக்காரருக்கும் ஒரு ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் ஏற்பட்ட தகராறு கலவரமாகிப் பரவியது. மறுநாள் இரவு கேட்டோ மேனர் எரிந்தது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 142 பேர். அதில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோரைக் கொன்றது போலீசும் ராணுவமும். மூட்லிக்கு அப்போது ஏழெட்டு வயது. அவர் நினைவில் 50 மட்டும்தான் இருக்கும், 87 இருக்காது. ஒரு பழமைவாதியின் மனது எப்படி உருவாகிறது என்று நீங்கள் பத்துப் பக்கம் விளக்க வேண்டாம், இந்த இரண்டு எண்களை வைத்தே எழுதிவிடலாம். அவருடைய அக்கா ஒருத்தியை உருவாக்குங்கள். அவளும் அதே இரவில் அதே புதருக்குள் ஒளிந்திருந்தவள். ஆனால் மறைத்து வைத்துக் காப்பாற்றிய ஜூலு பக்கத்து வீட்டுக்காரியை நினைவில் வைத்திருப்பவள். அவள் பின்னால் வெள்ளை அரசை எதிர்த்த நேட்டால் இந்தியக் காங்கிரசுக்குப் போவாள்.

அடுத்த அடி சட்டத்தின் வழியாக வருகிறது. 1950-ல் குரூப் ஏரியாஸ் சட்டம். 1958-ல் டர்பனை இனவாரியாகப் பிரித்து அறிவித்தபோது கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதியாகிவிட்டது. சொந்த நிலம் வைத்திருந்தவர்களுக்கு அரசு நிர்ணயித்த விலை, குத்தகைக்காரர்களுக்கு அதுவும் இல்லை. 1960களில் லாரியில் சாமான் ஏற்றித் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே முன்பு வாழைத் தோட்டம் போட்டிருந்தவர்களும் இந்தியர்களே. அவர்களைக் கிளப்பிவிட்டு இவர்களைக் குடிவைத்தார்கள். யூனிட் 1, யூனிட் 2 என்று எண் போட்ட குடியிருப்புகள், ஒட்டினாற்போல் ஒரே மாதிரி வாடகை வீடுகள், சரிவில் மண் படிக்கட்டு. வினோதம் என்னவென்றால், காலி செய்த கேட்டோ மேனரில் வெள்ளையர் பெரிதாக யாரும் வந்து குடியேறவில்லை. பல வருடம் புல் மண்டிக் கிடந்தது. வீடுகளை இடித்தவர்கள் கோயில்களை விட்டுவைத்தார்கள். பெல்லேர் சாலை அம்பலவாணர் ஆலயத்தில் ஈஸ்டரை ஒட்டித் தீமிதி நடக்கும். சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் ஏறி அங்கே வருவார்கள். பூக்குழி இறங்கிவிட்டு, மஞ்சள் வேட்டியோடு, தன் வீடு இருந்த இடத்தைப் புல்லுக்குள் அடையாளம் தேடும் அப்பாவை எழுதுங்கள். சொந்த வீட்டை இரண்டு முறை இழந்த குடும்பத்துப் பையன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

உங்கள் மூட்லியின் பழமைவாதத்தை நான் இங்கேதான் நடுவேன். கொள்கை, கம்யூனிச எதிர்ப்பு, வெள்ளையர் மீது மரியாதை என்று தேடிப் போக வேண்டாம். இனிமேல் என் வீட்டை எவனும் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். யார் சாவியைக் கையில் வைத்திருக்கிறானோ அவனோடு பேச வேண்டும் என்பது அவர் அரசியல். அதிலிருந்து வருகிற எல்லா முடிவும் அவருக்கு நியாயமாகத் தெரியும், அக்காவுக்கு அசிங்கமாகத் தெரியும். வாசகர் இரண்டு பேரையும் நம்ப வேண்டும்.

இந்த வழியை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. இந்தியர் அரசியலில் சமரசத்துக்கு ஒரு நீண்ட பாரம்பரியம் உண்டு. 1940களில் ஏ.ஐ. காஜி, பி.ஆர். பத்தர் போன்றவர்கள் பிரதமர் ஸ்மட்ஸின் அரசோடு பேச்சு நடத்தி 1944-ல் பிரிட்டோரியா உடன்பாடு செய்துகொண்டார்கள். அது நிலைக்கவில்லை. அந்தக் கோபத்தில் 1945-ல் மான்ட்டி நாயக்கர் தலைமையில் தீவிர அணி நேட்டால் இந்தியக் காங்கிரசைக் கைப்பற்றியது. 1946-ல் நிலச் சட்டத்தை எதிர்த்து சத்தியாக்கிரகம் நடத்திச் சிறை போனார்கள். சமரச அணி 1947-ல் நேட்டால் இந்தியன் ஆர்கனைசேஷன் என்று தனிக்கடை போட்டது. மூட்லியின் அப்பா கீரை விற்கும் சந்தையிலேயே இரண்டு அணியும் இருந்திருக்கும். பத்தர் பக்கம் வக்கீல்கள், வியாபாரிகள், கோயில் தர்மகர்த்தாக்கள். நாயக்கர் பக்கம் தொழிற்சங்கங்கள், மாணவர்கள். பையன் எந்தப் பக்கம் கைகட்டி நின்றான் என்பது ஒரு நல்ல காட்சி.

தொழிலுக்கு வருவோம். உங்கள் வரைவில் அவர் வக்கீல். மாற்றிவிடுங்கள். வக்கீல் என்றால் படிப்பு, அரசியல் வழக்குகள், சிறைப்பட்ட நண்பர்கள் என்று அவர் வேறு ஆளாகிவிடுவார். ஆசிரியரும் வேண்டாம், இந்தியப் பள்ளிகள் 1966-ல் இந்தியர் விவகாரத் துறைக்குக் கீழ் வந்த பிறகு வாத்தியார் வாயைத் திறந்தால் தூரத்து ஊருக்கு மாற்றல். என் யோசனை: இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். மாதாமாதம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்பவர். யார் வீட்டில் யாருக்கு நெஞ்சுவலி, எந்தப் பையன் கார்மெண்ட் ஃபேக்டரியில் வேலை இழந்தான், எந்த வீட்டில் வாடகை பாக்கி, எல்லாம் அவர் சின்ன நோட்டில் இருக்கும். ஓட்டுரிமை இல்லாத காலத்திலேயே அவர் வாக்காளர் பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறார் என்று வையுங்கள்.

அந்த நோட்டோடு அவர் வரிசெலுத்துவோர் சங்கத்தில் செயலாளராகிறார். தெருவிளக்கு, சாக்கடை, பஸ் நேரம். அங்கிருந்து நகராட்சியின் உள்ளூர் விவகாரக் குழு. ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. கூடவே கோயில் கமிட்டி. காவடிக்கு யார் எந்த ரதம் இழுப்பது, ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற அண்டா யார் தருவது என்பதிலெல்லாம் அவர் கை இருக்கும். இங்கே தேர்தல் அரசியலைக் கற்றுக்கொடுத்தவை கோயில் கமிட்டியும் கால்பந்துச் சங்கமும்தான். வேறு எந்தத் தேர்தலில் இந்தியர் நிற்க முடிந்தது?

1964-ல் அரசு நியமித்த இந்தியர் கவுன்சிலுக்கு அவர் ரொம்பச் சின்னப் பையன். அந்தக் கவுன்சிலுக்கு 1981 நவம்பரில் தேர்தல் வைத்தார்கள். காங்கிரஸ்காரர்கள் புறக்கணிக்கச் சொன்னார்கள், பத்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். அதில் மூட்லியை நிறுத்தாதீர்கள். எச்சரிக்கையான ஆள் முதல் குளிரில் ஆற்றில் இறங்க மாட்டார். வேட்பாளர் ஒருவருக்கு கார் ஓட்டட்டும், காலி வாக்குச்சாவடியைப் பார்த்துவிட்டு வரட்டும்.

நாவலின் நடுவே 1984-ஐ வையுங்கள், அதற்கு எவ்வளவு பக்கம் கொடுத்தாலும் தகும். பிரதமர் பி.டபிள்யூ. போத்தாவின் புதிய அரசமைப்பு மூன்று சபைகளை உண்டாக்கியது. வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தவரான கலர்ட் மக்களுக்கு 85, இந்தியருக்கு 45. இந்தியர் சபையின் பெயர் ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ். ஆப்பிரிக்கப் பெரும்பான்மைக்கு எதுவும் இல்லை. இந்தக் கணக்கில் உள்ள தந்திரத்தை வாசகருக்குக் காட்டிவிடுங்கள்: மூன்று சபையும் ஒத்துப்போகாவிட்டால் விஷயம் ஜனாதிபதி கவுன்சிலுக்குப் போகும், அங்கே வெள்ளைச் சபையின் ஆட்களும் ஜனாதிபதி நியமித்தவர்களுமே பெரும்பான்மை. எனவே இந்தியர் சபை முரண்டு பிடிக்கலாம், தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது. ஆனால் 'சொந்த விவகாரங்கள்' என்று கல்வி, வீட்டுவசதி, சமூகநலம் போன்றவற்றை அந்தந்த சபையிடம் கொடுத்தார்கள். மூட்லியின் காதில் விழுந்த ஒரே சொல் வீட்டுவசதி.

1983 ஆகஸ்டில் இதை எதிர்க்கத்தான் கேப் டவுனில் ஐக்கிய ஜனநாயக முன்னணி உருவானது. சாட்ஸ்வொர்த்தில் வீடு வீடாகப் போய்ப் புறக்கணிக்கச் சொன்னார்கள். வேட்பாளர்கள் கூட்டம் போட்டால் நூறு பேர் கத்த வருவார்கள், இருபது பேர் கேட்க வருவார்கள். வயதானவர்கள் மத்தியில் ஓட்டுப் போடாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்று ஒரு பேச்சு ஓடியது. அதைக் கிளப்பியது யார் என்று மூட்லிக்குத் தெரியும், ஆனால் மறுத்துப் பேசமாட்டார். இங்கே அவரைக் காப்பாற்ற முயலாதீர்கள். ஒரு பாட்டி இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, ஓட்டு போடாட்டா பென்ஷன் வராதாமே?" என்று கேட்கிறாள். அவர் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "போட்டுட்டு வந்துருங்க ஆயா, எதுக்கு வம்பு" என்கிறார். பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கை முழுக்க இந்த வாக்கியம்தான்.

ஆகஸ்ட் 28 தேர்தல். அதற்கு முன்பே முன்னணித் தலைவர்கள் பலரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். வாசலில் போலீஸ், எதிரே பாட்டுப் பாடும் மாணவர்கள். ஓட்டுப் போடப் போகிறவர்கள் பக்கத்து வீட்டார் கண்ணில் படாமல் போகப் பார்த்தார்கள். பதிவு செய்தவர்களில் சுமார் 20 விழுக்காடுதான் போட்டார்கள். அமிச்சந்த் ராஜ்பன்சியின் நேஷனல் பீப்பிள்ஸ் பார்ட்டியும் ஜே.என். ரெட்டியின் சாலிடாரிட்டியும் கிட்டத்தட்டச் சமமாக வந்தன. ஓரிரு இடத்தில் ராஜ்பன்சி முந்தி, அமைச்சர் குழுத் தலைவரானார். மூட்லியை நான் சாலிடாரிட்டியில் வைப்பேன். ரெட்டி வங்கி, வியாபாரம் என்று வந்த நிதானமான ஆள். நம் மூட்லிக்கு அந்தக் கோட்டு சூட்டுப் பாணிதான் பிடிக்கும். ராஜ்பன்சி மேடையில் சிரிக்க வைத்து, கை குலுக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டு வாங்குபவர். வங்கப்புலி என்றே பட்டப்பெயர். மூட்லி அவரை வெளியில் கேலி செய்துவிட்டு உள்ளுக்குள் பொறாமைப்படட்டும்.

ஜெயித்த இரண்டு வாரத்தில் என்ன நடந்தது தெரியுமா? செப்டம்பர் 13 அன்று முன்னணியையும் காங்கிரசையும் சேர்ந்த ஆறு தலைவர்கள், போலீஸ் தேடலுக்குத் தப்பி, டர்பன் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். உலகப் பத்திரிகைகள் அங்கே வந்தன. புது எம்.பி. மூட்லி நாடாளுமன்றம் இருக்கும் கேப் டவுனுக்குப் பெட்டி கட்டுகிறார், அக்கா தூதரக வாசலில் கூட்டத்தோடு நிற்கிறாள். இந்த வாய்ப்பை வரலாறே கொடுத்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

சபையில் அவர் செய்தது என்ன? நல்லதும் உண்டு. அதை மறைத்தால் நாவல் பிரச்சாரமாகிவிடும். வாடகை வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே விற்கும் வேலை அந்தப் பத்தாண்டில் நடந்தது. பள்ளி நேரத்தில் தமிழ், தெலுங்கு, இந்தி வகுப்புகள் வந்தன. ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்கக் கூடாது என்று 1891 முதல் இருந்த தடை 1986-ல் நீங்கியது. குரூப் ஏரியாஸ் சட்டத்தை இறுக்க 1988-ல் வந்த மசோதாக்களுக்கு இந்தியர் சபையும் கலர்ட் சபையும் ஒத்துழைக்க மறுத்தன. மூட்லி அன்று பேசியிருந்தால் நன்றாகவே பேசியிருப்பார், கேட்டோ மேனரை வைத்து. இன்னொரு பக்கம், வீடு ஒதுக்கீடு, ஆசிரியர் வேலை, தலைமையாசிரியர் பதவி உயர்வு, கடை லைசென்ஸ் எல்லாம் எம்.பி. வீட்டுக் கூடத்தில் பேசி முடியும் விஷயங்களாயின. சனிக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் செருப்புகள் குவியும். பிரியாணிச் சட்டி, ஷர்ட் துணி, கோயிலுக்கு நன்கொடை. எது அன்பளிப்பு, எது லஞ்சம் என்பதை அவர் மனைவி மட்டுமே சரியாகத் தெரிந்து வைத்திருப்பாள். இந்தச் சபையின் நிர்வாக முறைகேடுகளை விசாரித்த ஜேம்ஸ் கமிஷன் ராஜ்பன்சியைக் கடுமையாகக் கண்டித்தது, அவர் பதவி போயிற்று, ரெட்டி வந்தார். கமிஷன் மூட்லியைக் கூப்பிட வேண்டாம். கூப்பிடுமோ என்று அவர் சில மாதம் தூங்காமல் இருந்தால் போதும்.

1985 ஆகஸ்டை மட்டும் தவற விடாதீர்கள். நிறவெறி எதிர்ப்பு வழக்கறிஞர் விக்டோரியா ம்கெஞ்சே கொலையான பின் டர்பனின் கறுப்பர் குடியிருப்புகளான டவுன்ஷிப்புகள் கொதித்தன. டர்பனுக்கு வடக்கே இனாண்டாவில் இந்தியர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, காந்தி உருவாக்கிய ஃபீனிக்ஸ் ஆசிரமமும் எரிந்தது. குடும்பம் குடும்பமாகப் பக்கத்து ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு ஓடி வந்தார்கள். மூட்லிக்கு அது 1949 திரும்ப வந்த மாதிரி. அதன்பின் அவர் மாறவே மாட்டார்.

அப்புறம் 1990. மண்டேலா வெளியே வருகிறார், தேசியக் கட்சி எல்லா இனத்தாருக்கும் கதவைத் திறக்கிறது. ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் உறுப்பினர்கள் சிலர் அதில் சேர்ந்தார்கள். உங்கள் மூட்லி தேசியக் கட்சிக்காரராவது இப்போதுதான், 50 வயதை ஒட்டி. 1991 ஜூனில் குரூப் ஏரியாஸ் சட்டம் ரத்தானது. தன் வீட்டை எடுத்த கட்சியில், அந்தச் சட்டத்தை அதே கட்சி நீக்கிய நேரத்தில் சேர்கிறார். அவரைக் கேட்டால் அதில் முரண் எதுவும் இல்லை என்பார். அக்கா அந்த வருடம் தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு வரவில்லை, பலகாரத் தட்டு மட்டும் பேரன் கையில் வந்தது என்று எழுதலாம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு நம்ப முடியாத இடம் 1994 ஏப்ரல். ஓட்டுரிமையையே மறுத்த கட்சிக்கு, சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெரும்பாலான இந்தியர்கள் ஓட்டுப் போட்டார்கள். பத்து வருடம் முன்பு புறக்கணித்த அதே மக்கள். வேலை போய்விடும், வீடு போய்விடும், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்ற பயம், நேட்டாலில் அன்று நடந்துகொண்டிருந்த கட்சிக் கொலைகள், தேவாலயங்களில் வளர்ந்துவந்த பெந்தெகொஸ்தே ஒழுக்கப் பிரச்சாரம், எல்லாம் சேர்ந்துகொண்டன. இங்கே தமிழர்களில் கிறிஸ்தவரானவர் நிறைய. 1931-ல் தொடங்கிய பெதெஸ்தா சபையெல்லாம் இந்தியர் நடுவே வேர்விட்டது. மூட்லியின் தம்பியை அங்கே பாஸ்டர் ஆக்கினால் ஓட்டு எப்படி விழுந்தது என்பது வாசகருக்குப் புரிந்துவிடும். நேட்டாலின் புதிய வடிவமான குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் 81 இடங்களில் ஜூலுக்களின் கட்சியான இன்காத்தா 41, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 26, தேசியக் கட்சி 9. அந்த ஒன்பதில் ஒருவர் உங்கள் மூட்லி. ராஜ்பன்சியின் புதிய கட்சியான மைனாரிட்டி ஃப்ரண்டுக்கு ஒரே இடம், அவர் மறுபடி எழுந்துவிட்டார்.

இதற்குப் பிறகு மூட்லியின் தொழிலே மாறிவிடுகிறது. எழுத்தாளர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. 1984-ல் அவருக்கு ஒரு தொகுதி இருந்தது. 1994 முதல் தொகுதியே கிடையாது, விகிதாச்சாரப் பட்டியல். கட்சிப் பட்டியலில் ஐந்தாவதாக இருந்தால் சட்டமன்றம், பதினைந்தாவதாக இருந்தால் வீடு. சனிக்கிழமைச் செருப்புக் கூட்டம் குறைகிறது, பட்டியல் போடும் தலைவர் வீட்டுக்கு இவர் செருப்பைக் கழற்றுகிறார். கருக்கலைப்புச் சட்டம், மரண தண்டனை ஒழிப்பு, சூதாட்ட விடுதி என்று எல்லாவற்றையும் எதிர்த்து, மாகாணச் சட்டமன்றம் கூடும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பேசுவார். அவற்றில் சூதாட்ட விடுதி ஒன்றுதான் மாகாணத்தின் கையில் இருந்த விஷயம். டர்பன் கடற்கரையில் சன்கோஸ்ட் சூதாட்ட விடுதி திறந்தபின் சாட்ஸ்வொர்த் பாட்டிகள் பென்ஷன் நாளன்று பஸ் பிடித்து அங்கேதான் போனார்கள்.

1999-ல் எண்கள் சுவாரசியம். 80 இடத்தில் இன்காத்தா 34, ஏ.என்.சி. எனப்படும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 32, மைனாரிட்டி ஃப்ரண்ட் 2, புதுப்பெயர் பூண்ட புதிய தேசியக் கட்சி 3. ராஜ்பன்சி தன் இரண்டு இடத்தை ஏ.என்.சி. பக்கம் சாய்த்தார், 2004-க்குப் பின் மாகாண விளையாட்டு அமைச்சரும் ஆனார். மூட்லி அந்த மூன்றில் ஒருவராக மூலையில் உட்கார்ந்திருக்கிறார். அதே நேரத்தில் சாட்ஸ்வொர்த்தின் பேவியூ, வெஸ்ட்கிளிஃப் ஃப்ளாட்டுகளில் வாடகை பாக்கிக்காக ஏழை இந்தியர்களை வெளியேற்றினார்கள். அவர்களுக்காகத் தெருவில் நின்றது நிறவெறி எதிர்ப்புப் போராளி ஃபாத்திமா மீர், அதாவது எதிர் முகாம். வீட்டுக்காகவே அரசியலுக்கு வந்த மூட்லி அன்று எங்கே இருந்தார்? இதற்கு உங்கள் நாவல் பதில் சொல்ல வேண்டும். நான் எழுதினால் அவர் காருக்குள் இருந்து பார்த்துவிட்டுப் போவார்.

முடிவுக்குக் கட்சி தாவலை விட வேறு கற்பனை தேவையில்லை. புதிய தேசியக் கட்சி 2000-ல் ஜனநாயகக் கூட்டணியில் சேர்ந்தது, மறுவருடம் பிரிந்தது, 2005-ல் தன்னைக் கலைத்துக்கொள்ள முடிவெடுத்தது, உறுப்பினர்கள் பலர் ஏ.என்.சி.யில் கரைந்தார்கள். பதவியை இழக்காமல் கட்சி மாறச் சட்டமே இடம் கொடுத்தது, 2009 வரை. மூட்லி ஏ.என்.சி. அட்டை வாங்கினால் அக்கா என்ன சொல்வாள்? 2004 பட்டியலில் அவர் பெயரே இல்லாமல் போவது இன்னும் நல்ல முடிவு என்று எனக்குப் படுகிறது. 63 வயதில், ஒரு தொலைபேசி அழைப்பில். அதற்குமுன் ஒரு காரியம் அவரைச் செய்ய வையுங்கள். ஏ.என்.சி. அரசின் முதல் சட்டங்களில் ஒன்று 1994 நிலமீட்புச் சட்டம். பறிபோன நிலத்துக்கு 1998 டிசம்பர் 31-க்குள் மனு போடலாம். அந்தக் கட்சியை எதிர்த்துக்கொண்டே, அப்பாவின் கேட்டோ மேனர் துண்டுக்கு மூட்லி மனு போடுகிறார். விண்ணப்பத்தில் இரண்டு வாரிசுகள் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அக்காவும் தம்பியும் ஒரு மேசையில் உட்காருவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

மொழி பற்றியும் கேட்டிருந்தீர்கள். மேடையில் தமிழில் முழங்கும் மூட்லியை எடுத்துவிடுங்கள், 1970களிலேயே இங்கே வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்டது. அவர் வணக்கம் சொல்லி ஆரம்பித்து, டர்பன் ஆங்கிலத்தில் பேசி, இடையில் ஒரு தேவார வரியைத் தப்பில்லாமல் சொல்லி முடிப்பார். அர்த்தம் கேட்டால் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். தாத்தா, ஆயா, அண்ணா, அக்கா எல்லாம் இருக்கும், அந்நிய வயதானவர் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி. ஊர் அவரை எம்.பி. ஆனபின்னும் மூட்லி அங்கிள் என்றுதான் கூப்பிடும். சபையில் அவர் எப்படிப் பேசியிருப்பார் என்று காதால் கேட்க வேண்டுமானால் ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸின் ஹன்சார்டுப் பதிவுகளை எடுத்துப் படியுங்கள். குறிப்பாக வீட்டுவசதி பட்ஜெட் விவாதங்கள். வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் அந்தக் காலத்துத் துண்டறிக்கைகளும் கிடைக்கும், இரண்டு பக்கத்தினுடையதும். அக்காவுக்கான வசனம் அதில் இருக்கிறது.